கிழக்கே கடல் என்று எழுதிய பத்திரம்

நான் வாங்கிய வீட்டுக்கு மூன்று பத்திரங்கள் இருந்தன. மூத்த பத்திரத்தில் கிழக்கெல்லை தென்னந்தோப்பு. அதற்கடுத்ததில் மணல்வெளி. எனக்கு எழுதிக்கொடுத்த பத்திரத்தில், கிழக்கே கடல். மூன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மேசையில் விரித்துவைத்துப் படித்தேன். எழுத்துப் பிழைகளைக்கூடக் குறித்துக்கொண்டேன். மூத்த பத்திரத்தை எழுதியவரின் கையெழுத்து அழகைப் பற்றி அன்றைய நாட்குறிப்பில் நான்கு வரிகள் இருக்கின்றன. அந்தத் தோப்பு எங்கே போயிற்று என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

நாடு விடுதலை பெற்ற பிறகு வந்த இரண்டாவது மாசி மாதம் அது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்தேன். எந்தக் கப்பல் எந்த நாள் எந்த மணிக்கு வந்தது, எப்போது போயிற்று என்று எழுதிவைப்பது என் வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்தேன்: மழை பெய்த நாள், தெருவில் குழாய் வந்த நாள், அரிசிக்கு அட்டை கொடுத்த நாள். கல்மண்டபத்தில் எனக்கு ஒரு சிறிய சொந்த வீடு, அப்பா விட்டுப்போனது, இருந்தது. இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் ஓய்வுக்குப் பிறகு கையேந்த வேண்டாம் என்று அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் சொன்னார். போர்க்காலத்தில் குண்டு விழும் என்று பட்டணமே காலியானபோது, ஓடுகிறவர்களிடமிருந்து இரண்டு வீடுகள் வாங்கியவர் அவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பயத்தில் விற்கிறவனிடம் வாங்குவதற்கும், அறிந்து விற்கிறவனிடம் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு எனக்குப் பிடிபடவில்லை.

வீடு ராயபுரத்துக்கு வடக்கே, திருவொற்றியூருக்குப் போகும் வழியில், கடலோரச் சாலையின் கீழ்ப்புறம் இருந்தது. மேற்கே சாலையைப் பார்த்தபடி ஒரு பெரிய அறை, அதற்குப் பின்னால் இரண்டு அறைகள், கடைசியில் கடலைப் பார்த்த சமையலறை. ஓட்டுக் கூரை, செங்கல் சுவர். தரகர் என்னைப் பின்வாசலில் நிறுத்தி மணலைக் காட்டினார்.

"சார், காத்து வாங்கவே வாடகை குடுப்பான். இந்த மணல்ல இன்னொரு வூடு கட்டலாம், அவ்ளோ எடம் கீது."

உண்மைதான். சமையலறைச் சுவரிலிருந்து அலை தொடும் இடம் வரை நடந்து பார்த்தேன். நூற்றுப்பத்துத் தப்படி. அந்த எண்ணையும் எழுதிவைத்தேன்.

இதைப் படிப்பவர்களில் முதன்முதலாக வீடு வாங்கி வாடகைக்கு விட எண்ணுகிறவர் இருந்தால் அவருக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். வில்லங்கம் பார்ப்பதும் பட்டா பார்ப்பதும் எல்லோரும் சொல்வது, செய்யுங்கள். ஆனால் பழைய பத்திரத்தின் நான்கெல்லையையும் புதிய பத்திரத்தின் நான்கெல்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மாறியிருக்கும் எல்லை எதுவோ, அந்தத் திசையில் போய் நின்று விசாரியுங்கள். தரகர் கூப்பிடும் நாளில் மட்டும் வீட்டைப் பார்க்காதீர்கள். கோடையில் ஒரு முறை, ஆடிக்காற்றில் ஒரு முறை, ஐப்பசி மழையில் ஒரு முறை பார்க்காத வீடு, பாதி பார்த்த வீடு. அக்கம்பக்கத்தில் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், யார் யார் வீட்டை விட்டுப் போனார்கள், எங்கே போனார்கள் என்று கேளுங்கள்.

சித்திரையில் குடித்தனக்காரர் வந்தார். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து பட்டணத்தில் மளிகைக் கடை வைத்தவர்களில் ஒருவர். முன்னறையில் கடை, பின்னால் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், கடையில் தராசு பிடிக்கும் தம்பி. தம்பிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்; அண்ணன் பேசாத நேரமெல்லாம் பேசுகிறவர். மாதம் பிறந்த அன்றே வாடகை வந்துவிடும். நான் எழுதிக்கொடுக்கும் ரசீதைக் கடைக்காரர் இரண்டு முறை படித்துப் பார்த்துத்தான் மடிப்பார். நல்ல குடித்தனக்காரருக்கு அடையாளம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் மறுநாள் காலையில் போய்த் தப்படி எண்ணும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. முதல் ஆடியில் அறுபத்திரண்டு. மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். சுவரை ஒட்டித் தென்புறம் குடிசை போட்டிருந்த மீன்காரம்மா கூடையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, கடலுக்குச் சட்டை தைக்கிறியா? அளவெடுத்துகினே கீற."

"மாசியில் மணல் எவ்வளவோ இருந்ததே."

"மாசில வந்து பாத்தா அப்டித்தான் கீது. வடக்கேருந்து நீரு வந்தா மணலைக் கொண்டாரும். தெக்கேருந்து தெண்டி நீரு இசுத்துச்சுன்னா அல்லாத்தையும் வாரிகினு பூடும். உனக்கு வூடு வித்தவரு ஆடில கூட்டியாந்து காட்டலியா?"

"இல்லை."

"கெட்டிக்காரரு" என்றார் அவர், கூடையைத் தலையில் ஏற்றியபடி.

அவர் சொன்னபடியே தையில் மணல் திரும்ப வந்தது. ஆனால் மாசியில் எண்ணியபோது தொண்ணூறுதான். அடுத்த ஆடியில் முப்பத்தொன்று. அதற்கடுத்த மாசியில் ஐம்பத்தெட்டு. போகும், வரும், போனதில் கொஞ்சம் வராது. தோப்பு எங்கே என்று அப்போது புரிந்தது. நான் நின்று அலையைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்குக் கிழக்கே, தண்ணீருக்கு அடியில்.

இரண்டாவது ஆடி முடிந்ததும் கடைக்காரரிடம் சொன்னேன். வீட்டைக் காலி செய்துவிடுங்கள், கடல் வருகிறது என்று. அவர் கல்லாவில் உட்கார்ந்தபடி என்னை நிதானமாகப் பார்த்தார்.

"ஐயா, வாடகை பத்தலைன்னா நேரா கேளுங்க. கடலை ஏன் இழுக்குதீய?"

"வாடகைக்காகச் சொல்லவில்லை."

"மூணு தெரு தள்ளி ஒருத்தரு, செவுரு இடியப்போவுதுன்னு சொல்லி குடியிருந்தவரைக் கெளப்பினாரு. மறுமாசம் வேற ஆளுக்குப் பகடிப் பணம் வாங்கிட்டு விட்டாரு. செவுரு இன்னும் நிக்கி. பாத்துட்டுத்தான் வாரேன்."

பின்னாலிருந்து தம்பி, "கடலு வந்தா உப்பு மூட்டை வாங்க வேண்டாம்ணே, கொல்லையிலயே அள்ளிக்கிடலாம்" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர்மேல் குற்றமில்லை. வீட்டுக்குப் பஞ்சமான காலம். குடியிருப்பவரை வெளியேற்ற முடியாதபடி சட்டம் வந்திருந்தது. அந்தச் சட்டத்தைத் தாண்டுவதற்கு வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்த வழிகளில், வீடு விழப்போகிறது என்பதுதான் முதல் வழி. நான் என்ன செய்தாலும் அது இன்னொருவர் செய்த தந்திரமாகவே தெரிந்தது. என் நாட்குறிப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். "நல்லா எழுதியிருக்கீய. ஆனா எழுதினது நீங்கதான" என்றார். வாடகை வேண்டாம் என்றேன். மறுநாளே மணியார்டரில் அனுப்பிவிட்டார். வாடகையை வாங்க மறுத்து, பிறகு பாக்கி என்று சொல்லி வெளியேற்றுவதும் ஒரு வழி என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரராகப் போகிறவர் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் பொய்யே சொல்லாதவராக இருக்கலாம். உங்கள் தொழில் சொன்ன பொய்களுக்கெல்லாம் நீங்களும் வாரிசு.

மூன்றாவது ஆண்டு வைகாசி அமாவாசைக்கு மறுநாள் எண்ணியபோது இருபத்தைந்து. ஆனி பிறந்ததும் பத்தொன்பது. அந்த வாரம் மீன்காரம்மாவும் அவர் வீட்டுக்காரரும் குடிசையைப் பிரித்தார்கள். ஒரே காலையில் ஓலை, மூங்கில், கயிறு எல்லாம் தலைச்சுமையாகச் சாலைக்கு மேற்கே போயின. தன்னைப் பயமுறுத்தக் குடிசையைப் பிரிக்கச் சொல்லி அவர்களுக்கு நான் காசு கொடுத்திருப்பேன் என்று கடைக்காரர் சந்தேகப்பட்டாராம்; மீன்காரம்மாவே சொல்லிச் சிரித்தார். "குட்த்திருந்தா வாங்கியிருப்பேன் நைனா. நீதான் குடுக்கவே இல்லியே."

அன்று மாலை வெகுநேரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். கல்மண்டபத்து வீட்டின் முன்பகுதியை, இரண்டு அறைகளையும் தெருவைப் பார்த்த கூடத்தையும், அதே வாடகைக்கு அவருக்கே கொடுப்பதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடையைக் கூடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினேன். கொண்டுபோய் நீட்டினேன். கடைக்காரர் இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறையும் படித்தார். பிறகு எழுந்து நின்றார். அவர் எனக்காக எழுந்து நின்றது அதுவே முதல் முறை.

"நெசமாத்தான் சொல்லியிருக்கீய" என்றார். "சொந்த வீட்டைத் தாரீயன்னா நெசந்தான்."

மனைவியையும் தம்பியையும் கூப்பிட்டுச் சொன்னார். அந்த அம்மாள் அன்று முதன்முதலாகப் பின்கதவைத் திறந்து, நின்று, கடலைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"நாள் நீங்களே பாத்துச் சொல்லிருங்க ஐயா" என்றார் கடைக்காரர். "உங்களுக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம் தெரியும்."

பஞ்சாங்கத்தை வீட்டுக்கு வந்து விரித்தேன். சொந்த வீடு புகுவதற்குத்தான் ஆனி ஆகாது என்பார்கள். வாடகைக்குக் குடிமாறத் தடையில்லை. ஆடி பிறந்துவிட்டால் எதுவும் ஆகாது. ஆடியில் குடிமாறுகிறவர்கள் எங்கள் பக்கத்திலும் இல்லை, அவர்கள் பக்கத்திலும் இல்லை. ஆகவே மிச்சமிருந்தது ஆனியின் கடைசிப் பத்து நாட்கள். அதில் ஒரு வியாழக்கிழமை இருந்தது. திதி நல்லது, நட்சத்திரம் நல்லது, காலையில் பால் காய்ச்ச ஒன்றரை மணி நேரம் சுத்தமான பொழுது. விரலை அந்த நாளின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய முன்னறையில் என் அலமாரிகள் இருந்தன. பதினாறு ஆண்டு நாட்குறிப்புகள், பைண்டு செய்த பத்திரிகைகள். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் மனைவி அன்று காலையில்தான், "அவங்க வந்தா அப்புறம் நாம செத்தாலும் போகமாட்டாங்க, சட்டம் அப்படி" என்று சொல்லியிருந்தாள். சுண்ணாம்பு அடிக்க வேண்டும். எல்லாம் பத்து நாட்களுக்குள். கையில் ஒரு கணக்கும் இருந்தது: போன ஆடியில் மாதம் முழுவதும் சேர்ந்து பதினான்கு தப்படிதான் போயிருந்தது. இப்போது பத்தொன்பது இருக்கிறது. ஆடி போனாலும் ஐந்து மிஞ்சும்.

பக்கத்தைத் திருப்பினேன். மறுநாள் போய், ஆனியில் நல்ல நாள் ஒன்றும் அமையவில்லை, ஆவணி மூன்றாம் தேதி வைத்துக்கொள்வோம் என்று சொன்னேன். கடைக்காரர் தலையசைத்தார். தம்பி சுவரில் கரியால் "ஆவணி 3" என்று எழுதினார்.

ஆடி முதல் வாரத்தில் பதினான்கு. அடுத்த வாரம், காற்றே இல்லாமல், பதினொன்று. நான் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் காத்திருக்கவில்லை. தினமும் வேலைக்குப் போகுமுன் போய் எண்ணினேன். போன ஆண்டுக்கான கணக்கு இந்த ஆண்டுக்குப் பொருந்தவில்லை. தூரம் குறையக் குறைய அலைக்கு வேகம் கூடியது போலிருந்தது. மணல் சரிந்து, சுவருக்கு எதிரே ஆளுயர மேடாக வெட்டி நின்றது. மேட்டின் வெட்டுமுகத்தில் பழைய தென்னை வேர்கள், கருத்த மயிர்போல், தொங்கின. ஒவ்வோர் அலையும் மேட்டின் அடியில் மோதும்போது சத்தம் வரவில்லை. சற்றுப் பொறுத்து, வீட்டுக்குள் ஏதோ ஒரு பாத்திரம் மட்டும் லேசாக ஒலித்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஆறு தப்படி. அன்று வேலைக்குப் போகவில்லை. கடைக்குள் போய், இப்போதே கிளம்புங்கள் என்றேன்.

கடைக்காரரின் மனைவிதான் பதில் சொன்னார். என்னிடம் அவர் நேராகப் பேசியது அபூர்வம். "ஆடியில அடுப்பைத் தூக்கப்படாது. ரெண்டு பொம்பளப் பிள்ளைகளை வச்சிருக்கேன்."

"ஆவணி மூணு நீங்க குறிச்சுத் தந்த நாளுதான ஐயா" என்றார் கடைக்காரர். "இன்னும் ரெண்டு வாரம்."

மீன்காரம்மா கடையில் வெற்றிலை வாங்க நின்றிருந்தார். "கடலுக்கு இன்னா ஆடி, இன்னா ஆவணி? உங்க பஞ்சாங்கத்தை அது பட்ச்சிகினா வருது? பேஜாரு புட்ச்ச ஜனங்கப்பா."

அந்த நிமிடத்தில் வியாழக்கிழமையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனியில் நாள் இருந்தது, நான் மறைத்தேன், ஆகவே என் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள் என்று சொல்லியிருந்தால் கோபத்திலாவது கிளம்பியிருப்பார்கள். அதற்குப் பதில், "குடிமாற வேண்டாம், விருந்தாளியாக வாருங்கள். அடுப்பு இங்கேயே இருக்கட்டும். பால் காய்ச்சுவதை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம்" என்றேன். சாத்திரத்தில் ஒரு சந்து கண்டுபிடித்த திருப்திகூட எனக்கு இருந்தது.

அந்த அம்மாள் உள்ளே போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து, சரி என்றார். மறுநாள் சனிக்கிழமை காலையில் அவரும் குழந்தைகளும் ஒரு ஜட்காவில் ஏறிக் கல்மண்டபம் வந்தார்கள். ஒரு துணி மூட்டை, ஒரு தலையணை, அவ்வளவுதான். சரக்கு இருப்பதால் அண்ணனும் தம்பியும் கடையிலேயே தங்கினார்கள்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. ஒன்றரை மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். நல்ல வெயில். வானத்தில் ஒரு மேகமில்லை. கட்டுமரங்கள் தூரத்தில் அமைதியாக நின்றன. கடைக்காரர் கல்லாவில் இருந்தார். தம்பி விடியற்காலையில் சந்தைக்குப் போய் வந்தவர். பின்னறையில் மிளகாய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் தப்படி எண்ணுவதற்காக வீட்டைச் சுற்றிப் பின்னால் போனேன். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. சமையலறைச் சுவரின் அடியில் வெளிச்சம் தெரிந்தது. சுவர், கீழே மண் இல்லாமல், அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.

கத்தினேனா என்று தெரியவில்லை. கடைக்காரர், நான் கத்தவே இல்லை, ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தேன் என்று பிறகு சொன்னார். நாங்கள் இருவரும் பின்னறைக் கதவை எட்டுவதற்குள் சமையலறை இறங்கிவிட்டது. இடிந்தது என்று சொல்ல முடியாது. மூட்டையை இறக்கிவைப்பதுபோல் இறங்கியது. பின்னறையின் கிழக்குச் சுவர் அதைத் தொடர்ந்து உள்பக்கமாகச் சாய்ந்தது. கூரைப் புழுதியும் மிளகாய் நெடியுமாக ஒன்றும் தெரியவில்லை.

சாலைக்கு அந்தப் பக்கமிருந்து மீன்காரம்மாவின் வீட்டுக்காரரும் இன்னும் நான்கு பேரும் வந்து, கயிறு போட்டு, சுவரைத் தூக்கித் தம்பியை எடுத்தார்கள். உயிர் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முன்னறை அடுத்த அமாவாசைக்குள் போயிற்று. ஆவணி மூன்றாம் தேதி காலையில் என் வீட்டு முன்பகுதியில் அந்த அம்மாள் பால் காய்ச்சினார்.

இதெல்லாம் நடந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். வாடகை மாதம் பிறந்த அன்று வருகிறது. "அன்னைக்கு ஐயா சொல்லி எம் பொஞ்சாதியும் பிள்ளைகளும் தப்புச்சுது, நாங்கதான் ஒரு வருசம் கேக்கல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கடைக்காரர் சொல்வார். அப்போதெல்லாம் நான் உள்ளே போய்விடுவேன்.

தம்பி இப்போது தராசு பிடிப்பதில்லை. கூடத்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து சரக்குச் சீட்டு எழுதுகிறார். போன மாதம் ஒரு பிற்பகலில், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, அவர் எதிரில் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். ஆனியில் ஒரு வியாழக்கிழமை இருந்தது என்று. பார்த்தேன், பக்கத்தைத் திருப்பினேன் என்று. அலமாரிகளைப் பற்றியும் சொன்னேன்.

அவர் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"எங்ககிட்டயும் ஒரு பஞ்சாங்கம் இருந்துச்சு ஐயா" என்றார். "அண்ணன் அன்னைக்கே பாத்துட்டு, வியாழக்கெழமை நல்லாத்தான இருக்கு, நாம பாட்டுக்குப் போயிருவமான்னு கேட்டாரு. நாந்தான் வேண்டாம்னேன். ஐயா விட்டுருக்காங்கன்னா அதுல நமக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு இருக்கும், சொந்த வீட்டைத் தந்தவங்க பொய் சொல்லுவாங்களான்னேன்."

பிறகு குனிந்து, அரை மூட்டை துவரம்பருப்பு என்று சீட்டில் எழுதத் தொடங்கினார்.